சிலுவைக் கோடு வளைந்த குளிர்காலம்

ஜனவரி 11

பனி நின்றபாடில்லை. காலையில் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்ததோடு சரி, மீதிப் பகல் முழுக்க அடுப்படி மேஜையில் துப்பாக்கி விலைப்பட்டியலோடு போயிற்று. படித்தேன் என்பதைவிடக் கனவு கண்டேன் என்பது சரி. வழவழப்பான தாளில், போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் மனதுக்குள் தோளில் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றோடும் ஒரு விடியல் வருகிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவு, புல்லில் உறைபனி, அங்கே ஒரு கயோட்டி நின்று திரும்பிப் பார்க்கிறது. எந்த விடியலிலும் என் குறி தப்புவதில்லை.

இவெட் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "இன்னுமா முடிவு பண்ணல? மாப்பிள்ளை பாத்தப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலியே அக்கா" என்றாள். அதனால்தான் அது நிலைக்கவில்லை என்றேன்.

அவள் கேலிக்கு அடியில் பயம் இருக்கிறது. எனக்கும்தான். போன வசந்தத்தில் கயோட்டிகள் எங்கள் குட்டிகளை அள்ளிக்கொண்டு போயின. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் பிறந்த திருட்டு ஜென்மங்கள். நானும் சுட்டேன், சுட்டேன், ஒன்றும் விழவில்லை. அப்பாவின் துப்பாக்கி, குழாய் உள்ளே தேய்ந்துபோயிருக்கும், வேறென்ன? இலையுதிர் காலத்தில் நாங்கள் இருவரும் கையடித்துப் பேசிக்கொண்டோம்: இந்த ஏப்ரலும் அப்படியே போனால் ஆடுகளை ஏலத்துக்கு அனுப்பிவிடுவது, நிலத்தை மாட்டுக்காரர் யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் வீடு பார்ப்பது. புட்டிப்பால் கேட்டு முட்டும் குட்டிகள் இல்லாமல் அவள் என்ன செய்வாள்? நான் என்ன செய்வேன்?

ஆக, ஏப்ரலுக்குள் ஒரு நல்ல துப்பாக்கி. அதன்மேல் குறிபார்க்க ஒரு நல்ல ஸ்கோப்.

ஜனவரி 12

கனமான குழாயா, லேசானதா? இதை யோசித்துக்கொண்டே காப்பியை இரண்டு தடவை ஆறவிட்டேன்.

ஜனவரி 20

ரஸ்டியின் கடைக்குப் போனேன். நாற்பது வருஷமாக பஃபலோ ஊரில் எல்லோரும் அவனிடம்தான் வாங்குகிறோம்; முதலில் அவன் அப்பா, இப்போது அவன். அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தான். சின்னத் தோட்டா என்றால் உதை குறைவு, சத்தம் குறைவு, ஆனால் உங்கள் மேட்டுக் காற்று அதைத் தள்ளிவிடும் என்றான். பெரிய தோட்டா காற்றுக்கு அசையாது. தோல் வேண்டுமென்றால்தான் அதில் கவலை, ஓட்டை பெரிது. எனக்குத் தோல் எதற்கு? எனக்கு என் குட்டிகள் வேண்டும். அப்பாவுடையதைப் போலவே இருநூற்று நாற்பத்து மூன்று என்கிற பெரிய தோட்டாதான் என்று மனசு போயிற்று.

பிறகு ஸ்கோப். இதற்காகத்தான் நான் போனதே. எனக்குச் சின்ன வயசிலிருந்து கண்ணாடிக்குள் பார்ப்பதில் ஒரு பைத்தியம். தூரத்தில் இருப்பது சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். நாம் பார்ப்பது அதற்குத் தெரியாது. தேவாலயத்தில்கூட எனக்கு அப்படியொரு அமைதி வந்ததில்லை. பின்வாசலைத் திறந்து, பதினாறு மடங்கு பெரிதாக்கும் ஒன்றை ஊருக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.

நடுவில் குறிபார்க்கும் சிலுவைக் கோடு வளைந்திருந்தது.

சூப்பில் விழுந்த மயிர் மாதிரி ஒரு சின்ன நெளிவு. ரஸ்டியிடம் சொன்னேன். அவன் வாங்கிப் பார்த்தான். நேராகத்தான் இருக்கிறது என்றான். மறுபடி நான் பார்த்தேன். வளைவுதான். எதற்கு வம்பு, வேறொன்று வரவழைக்கிறேன் என்றான். நல்ல பையன்.

பிப்ரவரி 3

பனி இறுகிப்போய் வெயில் அடித்தது. மேட்டில் வேலிக்கம்புகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஆடுகின்றன. இந்தக் குளிரில் கானல் வருமா? வருகிறதே. அழகாக இருந்தது, வெகுநேரம் நின்று பார்த்தேன். இவெட் வந்து கையில் வாளியைத் திணித்தாள்.

பிப்ரவரி 17

ரஸ்டி வரவழைத்த ஸ்கோப்பிலும் அதே வளைவு. இது முன்னதைவிட விலை கூடியது. இப்போதெல்லாம் ஒருத்தனும் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று சத்தம் போட்டேன். ரஸ்டி ஸ்கோப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். வாசல்வரை வந்து, கார்க் கதவைத் திறந்துவிட்டு, "மெதுவா ஓட்டிட்டுப் போங்க" என்றான். இதை அவன் முன்னே ஒருநாளும் சொன்னதில்லை.

பிப்ரவரி 25

கனவு. மலையே ஒரு பெரிய கண்ணாடிக்குள் இருக்கிறது. சிலுவைக் கோட்டின் மேல் ஒரு கயோட்டி நடந்து வருகிறது, கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதுபோல. நடுவுக்கு வந்ததும் காணாமல் போகிறது. அந்தப் பக்கம் வரவே இல்லை.

மார்ச் 8

இதை எழுதிவிடவேண்டும்.

ஓர் ஆடு அவசரப்பட்டு முந்தாநாளே ஈன்றுவிட்டது. விடியற்காலையில் அப்பாவின் துப்பாக்கியோடு கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூடுபனி. பட்டியின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று குனிந்து எதையோ முகர்ந்தது. பைனாகுலரில் முதலில் பார்த்து, இன்னதென்று தெரிந்தபிறகுதான் துப்பாக்கியைத் தூக்குவது — இது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். ஆனால் பைனாகுலரும் இப்போது கெட்டுப்போயிற்றே, அதில் என்ன தெரிகிறது? நேராகத் துப்பாக்கி ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். சாம்பல் நிறம், நாலு கால், தாழ்ந்த தலை. கயோட்டிதான். பாதுகாப்புப் பூட்டை எடுத்தேன். விரல் விசைக்குப் போயிற்று.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து இவெட்டின் குரல். "பெல்ச்சா, சாப்பிட வாடா."

ஸ்கோப்புக்குள் இருந்த கயோட்டி தலையைத் திருப்பி வாலை ஆட்டியது.

பெல்ச்சா. எங்கள் வெள்ளைக் காவல் நாய். அப்பாவின் பாஷையில் அதற்குக் 'கறுப்பன்' என்று அர்த்தம். வெள்ளை நாய்க்கு அப்படிப் பெயர் வைப்பது அவருடைய குறும்பு, அது தலைமுறையாய்த் தொடர்கிறது. சேற்றில் புரண்டு சாம்பலாகியிருந்தான். ஏழு வருஷமாக ஆட்டுமந்தையோடு படுத்து எழுபவன். நான் — நான் அவனை — ஐயோ, என்ன பண்ண இருந்தேன் நான்? இவ கூப்பிடலன்னா?

போல்ட்டை உருவினேன். அடுப்படிக்குப் போய் இவெட்டின் மேலங்கிப் பையில் போட்டேன். அது இல்லாமல் துப்பாக்கி வெறும் கம்பு. "இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்" என்றேன். அவள் கையில் மாவு. அதோடேயே என்னை உட்கார வைத்தாள்.

மார்ச் 9

இவெட் என்னை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி, ஒரு கண்ணை மூடு என்றாள். வலது கண்ணை மூடிப் பார்த்தேன்: சட்டம் நேராக இருந்தது. இடது கண்ணை மூடினேன்: சட்டம் நடுவில் நெளிந்தது. அவளைப் பார்த்தேன். தலைமுடி தெரிந்தது, தோடு தெரிந்தது. முகம் இருந்த இடத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

துப்பாக்கியும் கெடவில்லை, ஸ்கோப்பும் கெடவில்லை, பைனாகுலரும் கெடவில்லை. ஊரிலுள்ள கண்ணாடியையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

மார்ச் 15

ஷெரிடனில் கண் டாக்டர். சின்னப் பெண். விழித்திரையின் நடுப்பகுதி போய்விட்டது, ஊசி போட்டால் மேலும் போகாமல் பிடித்து நிறுத்தலாம், போனது வராது என்றாள். கண்ணுக்குள்ளேயே ஊசி. போட்டார்கள். இடது கண்ணிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறதாம்; வருஷக்கணக்கில் அப்படியே நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

திரும்பும்போது இவெட் ஓட்டினாள். தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். அழுதேன். அந்த வளையங்கள் அழகாகவும் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 18

வைக்கோல் போருக்கு முன்னால் காகிதம் ஒட்டி, அப்பாவின் துப்பாக்கியை இவெட்டிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். இந்த வீட்டில் சுடுவது எப்போதும் நான்தான், அவளிடம் யாரும் துப்பாக்கியை நீட்டியதே இல்லை. நானும் நீட்டியதில்லை. இன்றைக்கு நீட்டினேன்.

மூச்சை விட்டாள், சுட்டாள். நடுவிலிருந்து ஒரு விரல் தள்ளி. மறுபடியும் அதே இடம். குழாய் தேயவே இல்லை.

ஆனால் தோளில் ஊன்றும் கட்டை அவளுக்கு நீளம். கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. மூன்றாவது தடவை துப்பாக்கி உதைத்து, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பூண்டு சூப் வைத்துக் கொடுத்தேன். "உன் துப்பாக்கிக்கு உன்னை மாதிரியே கோபம்" என்றாள்.

மார்ச் 22

இவெட்டோடு கடைக்குப் போனேன். ரஸ்டிக்கு ஜனவரியிலேயே தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை என்றான். அவன் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். உள்ளே போய் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். இடக்கைக்காரர்களுக்கானது, போல்ட் இடது பக்கம்.

"உங்க இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு. எடுத்துப் பாருங்க."

இடது தோளில் வைத்தேன். வால்நட் கட்டை கன்னத்தில் பூனை மாதிரி ஒட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வந்து நின்றது. சிலுவைக் கோடு நேராக இருந்தது. எத்தனை மாசத்துக்குப் பிறகு ஒரு நேர்கோடு! போல்ட்டை இழுத்தேன், வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போயிற்று. விலைப்பட்டியலில் பார்த்த அத்தனை விடியலும் அதற்குள் இருந்தன. எனக்கு அது வேண்டும். இந்த உலகத்தில் வேறெதுவும் அவ்வளவு வேண்டியதில்லை என்று இருந்தது. வெகுநேரம் இறக்கவில்லை. ரஸ்டியும் அவசரப்படுத்தவில்லை.

வலது கண் கெட்டபோது என்னிடம் சொல்லிவிட்டா கெட்டது? இடது கண் மட்டும் சொல்லுமா? எந்தக் காலையில், எந்த மூடுபனியில்? அந்த மூலையில் அப்போது யார் நிற்பார்கள்?

திருப்பிக் கொடுத்தேன்.

"என் தங்கச்சி கை அளவு எடு" என்றேன்.

இவெட் அங்கேயே சண்டைக்கு வந்தாள். தனக்குச் சுட வராது, அக்காவுக்குப் பிடித்ததை அக்கா வாங்கட்டும் என்றாள். "பெல்ச்சாவை நீ கூப்பிட்ட. நான் சுட இருந்தேன். இதுக்கு மேல என்ன பேச்சு?" என்றேன். அதற்கப்புறம் அவள் கையை நீட்டினாள்.

அவளுக்காகத் தேர்ந்தெடுப்பது சுலபமாக இருந்தது, அதுதான் ஆச்சரியம். சின்னத் தோட்டா: உதைக்காது, சுட்டபிறகும் குறி கண்ணைவிட்டுப் போகாது. காற்று தள்ளும்தான், ஓடைக்கு அந்தப்பக்கம் அவள் சுடப்போவதில்லை. லேசான குழாய், ஏனென்றால் அவள் ஒரு கையில் புட்டி வைத்திருப்பாள். கட்டையின் பின்னாலிருந்து ஒரு துண்டு அறுத்து எடுக்கச் சொன்னேன். ஸ்கோப் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, அதற்குமேல் வேண்டாம். நான் ஆசைப்பட்டதில் ஒன்றுகூட அதில் இல்லை.

ஏப்ரல் 5

ஈற்றுக் காலம். தூக்கம் இல்லை. அடுப்புப் பக்கத்தில் இரண்டு அநாதைக் குட்டிகள்.

ஏப்ரல் 9

எனக்கு இப்போது வேறு வேலை. அடிபட்ட முயல் அலறுவதுபோலச் சத்தம் வரும் ஊதல். அதை நான் ஊதினால் கயோட்டி சாப்பாடு கிடைத்ததென்று வரும், பக்கத்தில் இவெட் துப்பாக்கியோடு இருப்பாள். முதல் முறை ஊதியபோது அவள் சிரித்த சிரிப்பில் ஒருமணி நேரம் எதுவும் வரவில்லை. முயல் அலறுகிற மாதிரி இல்லையாம், எங்கள் சின்னம்மா தேவாலயத்தில் பாடுகிற மாதிரி இருக்கிறதாம்.

இன்று வந்தது. ஓடிவந்து எங்களுக்கு வெகு அருகில் நின்றது. அவள் ஸ்கோப்பை ஒன்பது மடங்கிலேயே விட்டு வைத்திருந்தாள்! உள்ளே முழுக்க ரோமம்தான் தெரிந்ததாம், தலையா வாலா என்று தேடுவதற்குள் போய்விட்டது. மூன்றில் வை, மூன்றில் வை என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே. திட்டினேன். அவள் போய் இரண்டு குட்டிகளுக்கும் பால் கொடுத்தாள். இன்று இரவே அது வடக்கு மூலையில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஏப்ரல் 10

மன்னிப்புக் கேட்டேன். மூன்றில் வைத்து, அந்தத் திருகின்மேல் நாடா ஒட்டிவிட்டாள்.

ஏப்ரல் 21

விடிகிற நேரம். ஓடைக்கு மேலே செடிகளுக்கு நடுவில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்: அவள், நான், பெல்ச்சா. வேட்டைக் காலையில் அவனை மந்தையோடு விடுவதில்லை இப்போது. ஊதினேன். இன்று முயல் மாதிரியே இருந்தது, எனக்கே பாவமாக இருந்தது. மலை எனக்கு ஊதா நிற மூட்டம், அதன் நடுவில் ஒரு துடைத்த இடம். அந்த இடத்துக்குள் என்னவெல்லாமோ இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவெட் பைனாகுலரை இறக்கினாள். "வேலிக்கு இந்தப் பக்கம். வருது. நின்னுடுச்சு" என்று முணுமுணுத்தாள். துப்பாக்கி மெல்ல மேலே போகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் காத்திருந்தாள். நான் சொல்லாமல் சுடமாட்டாள். அதுதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

கையைக் கீழே விட்டுத் தடவினேன். ஈரமான ரோமம், சூடான முதுகு, மூச்சில் ஏறி இறங்குகிற விலா. தாடையை என் பூட்ஸ்மேல் வைத்திருந்தான்.

"இங்கதான் இருக்கான்" என்றேன்.

சுட்டாள்.

மே 28

அழுக்கு சேராதிருக்கக் குட்டிகளுக்கு வால் வெட்டி முடிந்தது. கொட்டகை கொள்ளாமல் கத்துகின்றன. நிலத்தைக் குத்தகைக்குத் தருவீர்களா என்று தெற்கிலிருந்து மாட்டுக்காரர் ஒருவர் போன் பண்ணினார். இவெட்தான் பேசினாள். இந்த வருஷம் இல்லை என்றாள். போனை வைத்துவிட்டு, அடுத்த வருஷமும் இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

நாளை ஷெரிடனில் ஊசி. அவள் ஓட்டுவாள். பெல்ச்சாவைக் குளிப்பாட்டினோம், சாயங்காலத்துக்குள் மறுபடி சாம்பலாகிவிட்டான்.