மண் படாத சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தி.நகர் கடையின் மாடிப்படி ஏறாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

இத்தாலி வந்த முதல் வாரம், நந்தனம் மைதானத்தில் ஆடுவதுபோல் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தேன். அங்கே என்றால், "உடாத கீர்த்தி, அப்டித்தான்!" என்று கத்தியிருப்பார்கள். இங்கே கோச் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். தடுப்பாட்டக்காரி தரையில் விழுந்தால், அதற்கு முன்பே தப்பான இடத்தில் நின்றிருக்கிறாள் என்பது இவர்கள் கணக்கு.

நேற்றைய கால்பந்துப் போட்டியில் நான் ஒருமுறைகூட விழவில்லை. எதிரணியால் கோலும் போட முடியவில்லை. இத்துடன் வைத்திருக்கும் போட்டோவில் என் சட்டை வெள்ளையாக இருக்கிறதே, ஓரமாக உட்காரவைத்துவிட்டார்களோ என்று நினைக்காதீர்கள். முழு ஆட்டமும் ஆடினேன்.

அம்மாவிடம் சொல்லிப் பருப்புப் பொடி அனுப்புங்கள். கூடவே என் பழைய நந்தனம் சட்டையும்.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
கீர்த்தி

அப்பா, அந்தச் சட்டையை அம்மா துவைத்துவிடப் போகிறாள். மண்ணோடு அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.