கடைசிப் பந்துக்கு முன்னால் சொன்னது

ஜனவரி 9, வியாழன்

விக்ரோலியில் அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. ரிப்பேர் பார்க்க, பெல்ட்டை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். கீழே கிணறு மாதிரி இருட்டு. எட்டிப் பார்த்த வாட்ச்மேன்தான் ‘ராமா ராமா’ என்று பின்னால் போனார். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஃபைனலை நினைத்தால் தூக்கம் வரவில்லை. என் பயமெல்லாம் மனுஷர்களிடம்தான்.

எங்கள் கேப்டன் கோமதிநாயகம் அண்ணன் போன் பண்ணினார். டெம்போ ஓட்டுகிறவர், சந்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. “ஏல சுரேன், நீ கடைசி ஆளுதான். ஒன் வரைக்கும் பேட்டிங் வராது. சும்மா காலிப்பீலி டென்ஷன் ஆவாத” என்றார். தைரியம் சொன்னாரா, மானத்தை வாங்கினாரா?

எதிர் டீம் பட்டறைச் சந்து. எல்லாம் தோல் பை தைக்கிற பையன்கள். பைசான் என்று ஒருவன் அதில் வேகமாகப் பந்து போடுகிறான். டென்னிஸ் பால்தான், ஆனாலும் பட்டால் தெரியும்.

ஜனவரி 12, ஞாயிறு

தோற்றோம். என்னால் தோற்றோம்.

ஜனவரி 13, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். விஜி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, பயந்துக்கிட்டு கெடக்கீங்க” என்றாள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காய்ச்சல்கூட வரமுடியாது இந்த ஒற்றை அறையில்.

நடந்ததை ஒருமுறை நேராக எழுதிவிடுகிறேன். கடைசி விக்கெட், கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும். கோமதி அண்ணன் அடிக்க நிற்கிறார், நான் பந்து போடுகிற முனையில். பைசான் ஓடி வந்தான். அவன் கையிலிருந்து பந்து போவதற்குள் நான் கோட்டை விட்டு ஓட ஆரம்பித்துவிட்டேன். அவன் பந்தைப் போடவே இல்லை. அப்படியே நின்று ஸ்டம்பைத் தட்டிவிட்டான். அம்பயர் விரலைத் தூக்கினார். முடிந்தது. கோப்பை அவர்களுக்கு.

நான் நடு மைதானத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம்தான். வீடியோவாகவே சுற்றுகிறது.

எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள் — எச்சரிக்காமல் அவுட் எடுத்துவிட்டான், சீட்டிங், இது ஆட்டமா என்று. ரூலில் எச்சரிக்க வேண்டும் என்று இல்லைதான். ஆனால் இந்தப் பக்கத்து கிரவுண்டுகளில் ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்கள். சொல்லாமல் எடுத்தால் அவனோடு யாரும் ஆடமாட்டார்கள். பைசானையே நேராகக் கேட்டார்கள். “ரூல்ல சொல்லணும்னு இல்லையே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அது போதாதா? திமிர் என்றார்கள்.

கோமதி அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஏல, ஒங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானால?”

“ஸ்பீக்கர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலண்ணே.”

சொன்னான். அதற்கு முந்தின பந்து முடிந்து திரும்பி நடக்கும்போது, என் பக்கத்தில் வந்து, “அண்ணே, கோட்டுக்குள்ள நில்லுங்க. இன்னொரு தடவ போனா எடுத்துருவேன்” என்றான். தமிழில் சொன்னான். அம்பயர் மராட்டிக்காரர், அவருக்கு என்ன புரியும்? வேறு யாரும் பக்கத்தில் இல்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. எடுக்கமாட்டான், சும்மா மிரட்டுகிறான் என்று நினைத்தேன். ஒரு அடி முன்னால் நின்றால் அந்த இரண்டாவது ரன் வந்துவிடும் என்றும் நினைத்தேன்.

கேக்கலண்ணே. எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்!

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தொண்ணூறடி ரோடு முழுக்க அடுப்பு, பானை, புகை. விஜியும் அம்மாவும் வரிசையில் பானை வைத்தார்கள். மேலே பட்டம் விடுகிறவர்கள் சத்தம்.

யாரோ ஒரு அக்கா விஜியிடம், “ஒங்க வீட்டுக்காரரத்தான அந்தப் பய ஏமாத்திட்டான்?” என்று கேட்டு என் கையில் ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்தாள். இன்னொருவர் டீ வாங்கிக்கொடுத்தார். டெம்போ ஸ்டாண்டில் எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார்கள். முப்பத்தோரு வயதில் முதல்முறையாக இந்தச் சந்து என்னைக் கவனிக்கிறது. கரும்பு இனிப்பாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

இதை விஜியிடம்கூடச் சொல்லவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஃபைனல் முடிந்த அடுத்த ஞாயிறு, ஜெயித்தவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தோற்றவர்கள் சந்துக்கு வரவேண்டும். தோற்றவர்கள் அதில் ரோஸ் சர்பத் ஊற்றுவார்கள். தோற்ற கேப்டன் முதல் மடக்கு குடித்துவிட்டுத் தன் கையால் ஜெயித்தவர்களுக்குக் கொடுப்பார். அதன் பிறகுதான் கோப்பை அவர்களுடையது. போன வருஷம் நாங்கள் வேறொரு சந்துக்கு அப்படிப் போனோம். பிரியாணி போட்டு அனுப்பினார்கள்.

இந்த ஞாயிறு பைசான் வரும்போது அவன் பந்து போடுகிற கையை உடைப்பது என்று டெம்போ ஸ்டாண்டில் முடிவாகியிருக்கிறது. என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நெருக்கி, ஒரே அடி. யார் அடித்தது என்றே தெரியாது. கோமதி அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாதுடே, நான் ஒண்ணும் கேக்கல” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஒனக்காகத்தாம்ல சுரேன்.”

எனக்காக.

பைசான் அந்தக் கையால்தான் தையல் மெஷினில் தோல் தள்ளுகிறான். பந்து மட்டும் இல்லை, சாப்பாடே அந்தக் கைதான்.

சாயங்காலம் வாட்ஸப் குரூப்பில் ஒரு மெசேஜ். ‘அவனுங்களே இப்படித்தான்’ என்று ஆரம்பிக்கிறது. யார் அவனுங்க? எங்கள் விக்கெட் கீப்பரே இனாயத்துல்லாதான். பட்டறைச் சந்துக்கு ஓப்பனிங் ஆடுகிறவன் செல்வம். இதில் எங்கே வந்தது அவனுங்களும் இவனுங்களும்? யாரும் எதுவும் எழுதவில்லை. கட்டைவிரல் படம் மட்டும் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ‘இனாயத்துல்லா வெளியேறினார்’ என்று வந்தது. அவன் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை.

ஒரு கையோடு நிற்குமா இது? இந்த ஊரில் எது எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்?

ஜனவரி 16, வியாழன்

சயான் ஸ்டேஷன் படியில் தூரத்தில் பைசானைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு ரயிலை விட்டுவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

விஜியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“போயி சொல்லிருங்க.”

“சொன்னா என்னைய உரிச்சிருவானுவ. கேப்டன்கிட்டயே பொய் சொல்லியிருக்கேன். தோத்ததும் என்னாலதான்னு ஆயிரும். அப்புறம் இந்தச் சந்துல குடியிருக்க முடியுமா?”

“இப்ப மட்டும் என்ன குடித்தனம் நடத்துதீங்க? கக்கூஸுக்குப் போனா திரும்பி வர மாட்டேங்கீங்க.” அப்புறம் குரலை இறக்கி, “அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பால்லா” என்றாள்.

அவளுக்கும் பயம்தான். அந்தக் கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பிக்க ரொம்ப நேரமாயிற்று.

ஜனவரி 18, சனி

பட்டறைச் சந்துக்குப் போனேன். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. பார்க்கத்தான் செய்தார்கள். வீடியோவில் அழுதவன் ஆயிற்றே.

பைசான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். மெலிந்த கை. டீ சொன்னான். வந்த டீயைத் தொடாமல் பக்கத்தில் வைத்தேன்.

“நாளைக்கு நீ வராத. மத்தவங்க வரட்டும். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிரு” என்றேன்.

“கேள்விப்பட்டேண்ணே. உம்மாவும் போவாதன்னுதான் அழுவுது.” தைத்துக்கொண்டிருந்த பையின் ஓரத்தைத் தடவினான். “நான் வரலன்னா ஏமாத்திட்டுத்தான் ஜெயிச்சோம்னு ஆயிரும்லா? எங்க டீமு எல்லாத்துக்கும் அந்தப் பேரு.”

கேட்டுவிட்டேன். “எங்கிட்ட முன்னாலயே சொன்னத ஏன் நீ வெளிய சொல்லல? யார்கிட்டயுமா சொல்லல?”

“இல்லண்ணே. எங்க ஆளுங்ககிட்டகூட சொல்லல.”

“ஏன்டே?”

“நீங்க அழுதுட்டு இருந்தீங்க. தோத்து உக்காந்து அழுவுற ஆளுகிட்ட போய், நான் சொல்லியும் கேக்கல பாருங்கன்னு எப்படிண்ணே சொல்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, “பரவால்லண்ணே, விடுங்க. டீ ஆறுது” என்றான்.

ஜெயித்தவன் என் மானத்தைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறான். இத்தனை நாளும் அவன் வாயைத் திறந்துவிடுவானோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேராகக் கோமதி அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே டிவி ஓடியது. கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றினேன். பிறகு மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

சீ.

ஜனவரி 19, ஞாயிறு

காலையிலிருந்து பேதி. விஜி ஓம வாட்டர் கொடுத்தாள். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

சந்தில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு அலறியது. டெம்போவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஒன்று சாத்தியிருந்தது. அது என்ன என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பெண்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிகிறது.

அவர்கள் வந்தார்கள். முன்னால் பைசான். கோப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தான். இரண்டு கையும் மாட்டிக்கொண்டவன் எப்படித் தடுப்பான்? செல்வம் அவனை ஒட்டியே வந்தான். எங்கள் ஆட்கள் வழிவிடுகிற மாதிரி விலகி, பின்னால் போய் மூடிக்கொண்டார்கள். ஒருவன் சாக்குப் பக்கம் நகர்ந்தான்.

“கோமதி அண்ணே” என்று கூப்பிட்டேன். என் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். பாட்டுதான் கேட்டது. எனக்கு அப்போது எப்படித் தோன்றியதோ — கரண்டு வேலைதானே தெரியும் — மீட்டர் பெட்டிக்கு ஓடி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

அப்படி ஒரு அமைதியை எங்கள் சந்தில் நான் கேட்டதே இல்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட் குழியில் எந்த மாடியிலும் எனக்கு இப்படித் தலை சுற்றியதில்லை.

“அவன் சொன்னான்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“என்னல சொல்லுத?” என்றார் அண்ணன்.

“கோட்டுக்குள்ள நில்லுங்கன்னு சொன்னாண்ணே. இன்னொரு தடவ போனா எடுத்துருவேன்னும் சொன்னான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கேட்டும் நாந்தான் போனேன். அன்னைக்கு ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவன் மேல தப்பே இல்ல. தோத்தது என்னாலதான்.”

பைசான் “அண்ணே, விடுங்கண்ணே” என்று முனகினான்.

கோமதி அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். விட்டார் ஒரு அறை. காதுக்குள் கொய்ங் என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். இன்னொன்று வரும் என்று கண்ணை மூடினேன். வரவில்லை. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“ஏல, அந்தச் சாக்க எடுத்து உள்ள வையி. வரும்போது ஐஸ் கொண்டா.”

அவரே சர்பத் ஊற்றினார். முதல் மடக்கு குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, பைசான் கையில் கோப்பையைக் கொடுத்தார். “தப்பா நெனச்சுட்டோம் தம்பி. கப்பு ஒங்களது” என்றார். பைசான் குடித்தான். குடித்துவிட்டு நேராக என்னிடம் கொண்டுவந்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, குடி என்றும் சொல்லவில்லை. என் பல் கோப்பை விளிம்பில் டக்டக்கென்று அடித்தது. பாதி சட்டையில் கொட்டிவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

டீம் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனாயத்துல்லாவைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். குழாயடியில் ஒருத்தி ஏதோ சொன்னாளாம். விஜி குடத்தை இடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜனவரி 24, வெள்ளி

டீக்கடையில் பேச்சு நின்றுவிடுகிறது நான் போனால். கன்னத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. இன்றும் ஸ்டேஷனுக்குச் சுற்று வழியாகத்தான் போனேன். பயம் போய்விடும் என்று யார் சொன்னது?

பிப்ரவரி 2, ஞாயிறு

செம்பூரில் வேறொரு டோர்னமென்ட். என்னை எந்த டீமிலும் கூப்பிடவில்லை. விஜிதான், “சும்மா பாத்துட்டாவது வாங்க” என்று தள்ளிவிட்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பட்டறைச் சந்து ஆடியது. பைசான் பந்து போட வந்த நேரத்தில் பக்கத்தில் யாரோ உட்காருவது தெரிந்தது. கோமதி அண்ணன். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பந்து ஸ்டம்பைப் பெயர்த்துக்கொண்டு போனது, கூட்டம் கத்தியது. அவர் பீடியைப் பற்றவைக்காமல் வாயிலேயே வைத்திருந்தார்.

பீடியைக் கையில் எடுத்துக்கொண்டு, “அந்தப் பய கை என்னா சுத்து சுத்துது பாத்தியாடே” என்றார்.

“பாத்தேண்ணே” என்றேன்.