ஐலாவின் பெகோனியாவும் என் ஏழு பொய்களும்

ஜனவரி 9

சமையலறை 62 டிகிரி ஃபாரன்ஹீட். பெகோனியாச் செடி இருக்கும் என் படுக்கையறை 68. நான் படுக்கும் கூடம் — அளக்கவில்லை. அளந்தால் வருத்தம்தான் வரும்.

எதிர்வீட்டு ஐலா கோஸ்கி குளிர்காலத்துக்கு அரிசோனா போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த டுலூத் ஊரில் இத்தனை பேர் இருக்க, செடியை என்னிடம்தான் கொடுத்தார். "ஆர்விட், உங்களை மாதிரி பொறுப்பானவங்க வேற யாரு இருக்கா?" இந்த வாக்கியத்தை இதே நோட்டில் ஏற்கெனவே மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். எழுபத்தாறு வயதில் இது சரியா?

ஏப்ரலில் அவர் வந்ததும் செடியை முழுசாக ஒப்படைத்துவிட்டு, "சனிக்கிழமை என்னோடு சாப்பிட வருகிறீர்களா?" என்று கேட்பதாக உத்தேசம். செடி பிழைத்தால் கேட்கலாம். இல்லையென்றால் எந்த முகத்தோடு கேட்பது?

ஜனவரி 12

ஒரு இலை ஜன்னல் கண்ணாடியைத் தொட்டிருந்தது. தொட்ட இடம் கருப்பு. ஐம்பது டிகிரிக்குக் கீழே இந்தச் செடிக்கு ஆகாது என்கின்றன மூன்று புத்தகங்கள். நான்காவது, ஐம்பத்தைந்து என்கிறது. நான்காவதை நம்பி, தொட்டியை ஆறு அங்குலம் உள்ளே தள்ளினேன். பிறகு இன்னும் இரண்டு.

ஜனவரி 18, ஞாயிறு

ஐலா தொலைபேசினார். ஞாயிறுதோறும் பேசுவார். "சனிக்கிழமை பெகோனியா சங்கத்துக் கண்காட்சிக்கு அதைத் தூக்கிட்டுப் போறீங்களா? நூலகத்துலதான் நடக்குது, நாலு தெருதானே."

சனிக்கிழமை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு என்கிறது வானொலி. தள்ளிவைப்பார்களா என்று பெகோனியா சங்கச் செயலாளரைக் கேட்டேன். "எதுக்கு, குளிருக்கா?" என்று சிரித்தார். நியாயம்தான். குளிருக்காகத் தள்ளிவைப்பதென்றால் இந்த ஊரில் மே மாதம்வரை ஒரு கல்யாணம்கூட நடக்காது.

ஜனவரி 24

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

9.10 — காரைக் கிளப்பி, உள்ளே சூடாகட்டும் என்று ஓடவிட்டேன். இறங்கும்போது பழக்க தோஷம், பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டே கதவைச் சாத்தியிருக்கிறேன்.

9.30 — செடியைச் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றி வெளியே வந்தேன். வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம்; முதல் தடவை செருப்பை முட்டுக் கொடுத்திருந்தேன், இந்தத் தடவை இல்லை.

9.31 — கார் ஓடுகிறது. சாவி உள்ளே. வீட்டுச் சாவியும் அதே வளையத்தில்.

கையில் செடி! ஐயோ, என்ன பண்ணுவேன்? காகிதம் தாங்காது. மேல்கோட்டின் பொத்தானைக் கழற்றி, தொட்டியை வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடினேன் — வெர்ன் மாட்ஸன் வீட்டுக்கு.

பதினோரு வருடம் முன்னால் வெர்ன் தன் வாசல் பனியை இயந்திரத்தால் ஊதி என் நடைபாதையில் கொட்டினார். கண்டித்து ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். கொடுக்கவில்லை. கொடுக்காத அந்தக் கடிதத்துக்காக அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

அவர் உள்ளாடையோடு கதவைத் திறந்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

"அட வாத்தியாரே! எத்தனாவது மாசம்?"

"பெகோனியா," என்றேன். பல் கிட்டியதில் வேறு சொல் வரவில்லை.

"பேரெல்லாம் வெச்சாச்சா? உள்ள வாய்யா, செத்துத் தொலையாதே."

ஒரு கம்பியை வளைத்து இரண்டு நிமிடத்தில் கார் கதவைத் திறந்தார். கண்காட்சிக்குப் போகவில்லை. மாலைக்குள் எல்லா இலைகளும் வேகவைத்த கீரைபோல் தொங்கின.

ஜனவரி 25, ஞாயிறு

ஐலா கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். கண்காட்சியில் எல்லோரும் பாராட்டினார்கள் என்றும் சொன்னேன். ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாதே என்று பொய்களுக்கு எண் போட்டுக் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறேன். 1, 2.

முப்பத்தொன்பது வருடம் லத்தீன் நடத்தினேன். காப்பியடித்த பையன்களை நிற்க வைத்திருக்கிறேன்.

ஜனவரி 31

கடைசி இலையும் விழுந்தது. மண்மேல் விரல் தடிமனில் தண்டு மட்டும் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றலாமா என்று நிற்கும்போது வெர்ன் வந்தார், கேட்காமலே.

"ஊத்தாதே. குளிர்ல அடிபட்டதை ஈரம்தான்யா கொல்லும்." தண்டை அமுக்கிப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு. என் வீட்டுக் கீழறையில கொதிகலன் பக்கத்துல வை. அங்க எழுபத்தஞ்சு."

எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்றேன். "எங்கம்மா முப்பது வருஷம் இதை வளத்தாங்க. புத்தகம் அவங்களுக்குப் பிடிக்காது" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பொய் 5: புது இலை, வெள்ளி வரியோடு. ஐலா, "எத்தனை வரி?" என்றார். ஏழு என்றேன். அது பொய் 6.

மார்ச் 8

தினமும் வெர்ன் வீட்டுக் கீழறை. செடி பார்க்க ஒரு நிமிடம், சீட்டாட்டம் இரண்டு மணி நேரம். அவர் ஏமாற்றுகிறார். சொல்லத் துணிவில்லை.

மார்ச் 21

தண்டின் நுனியில் கடுகளவு சிவப்பு. தூசி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை!

ஏப்ரல் 19

ஐலா நேற்று வந்தார். இன்று தொட்டியோடு போனேன். மூன்று இலைகள், பெரியது கட்டைவிரல் நகமளவு. வாசலில் நின்றபடியே நோட்டைத் திறந்து, ஒன்றிலிருந்து ஏழுவரை வாசித்தேன்.

முடித்ததும், "தெரியும்," என்றார். "வெர்ன் ஜனவரியிலயே போன் பண்ணிட்டாரு."

"பின்னே ஏன் வாரா வாரம் கேட்டீங்க?"

"அந்தப் பாலைவனத்துல எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு? அடுத்து என்ன சொல்லுவீங்கன்னு சனிக்கிழமையே ஆவல் ஆரம்பிச்சுடும் எனக்கு."

நான் படியிறங்கினேன். தெருவைக் கடந்தேன். திரும்பி வந்து, சனிக்கிழமை என்னோடு சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டேன்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

மணியை நான் யோசித்தே வைக்கவில்லை. அதுவரை போகும் என்று யார் கண்டது?

நவம்பர் 7

அரிசோனாவுக்கு நாளை விமானம். ஜன்னலோர இருக்கையை ஐலா எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

பெகோனியாவை வெர்னிடம் ஒப்படைத்தேன், இருபத்து மூன்று விதிகள் எழுதிய தாளோடு. அவர் தாளை நாலாக மடித்து மேசைக்கால் அடியில் செருகினார். மேசை ஆடுவது நின்றுவிட்டது. செடி அதன் மேல்தான் இருக்கிறது.