பாதி மாத்திரை

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் தனித்தனியாகக் கேட்கிறேன். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறதா? கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து மேசையில் கணக்கு பார்க்கும் அண்ணன், திங்கட்கிழமை ஒரு ஃபைலை எடுக்க எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆட்குறைப்பு தொடங்கியதிலிருந்து அவர் ரத்த அழுத்த மாத்திரையை உடைத்துப் பாதிதான் போட்டுவந்தார். கேட்டால், "ஆபீஸே பாதி ஆளை வச்சு ஓடுது தங்கச்சி, நான் பாதி மாத்திரையில ஓட மாட்டேனா?" என்று சிரிப்பார். உயிருக்கு ஆபத்தில்லையாம். வலது கையைத்தான் தூக்க முடியவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். மறுநாள் அவருடையதை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

நீங்களும் உடைத்துத்தான் போடுகிறீர்கள் என்று மகள் போனில் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா" என்றாள். சொல்லிவிட்டேன், அவளைத் திட்டாதீர்கள்.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கை அணையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள். எனக்கென்று அலமாரியில் எடுத்துவைத்திருக்கும் சோப்பையும் நீங்களே தேய்த்துத் தீர்த்துவிடுங்கள். நான் வருவதற்குள் அது காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். மாத்திரையை மட்டும் முழுதாக விழுங்குங்கள். விழுங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், அதற்குக் காசு ஆகாது. நான் எடுக்க மாட்டேன். மணி அடித்தால் போதும்.

மேலாளர் கூப்பிடுகிறார், எழுந்தாக வேண்டும்.

உங்கள் மனைவி