நீ வெளுத்து அனுப்பிய கண்கள்

பாப்பா குப்புற விழ ஆரம்பித்ததும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போய்ப் படம் எடுத்தோம். இன்று அதை வாங்கப் போனேன். கவரை நீட்டிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "பாப்பா கண்ணு லேசா மஞ்சளா தெரிஞ்சிதுக்கா, வெள்ளையாக்கிட்டேன்." சட்டையில் பட்ட கறையைத் துடைத்த மாதிரிதான் சொன்னார்.

"யாரக் கேட்டுப் பண்ணீங்க?"

"எல்லாருக்கும் பண்றதுதாங்க்கா."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். திருத்தாத படத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். கண் ஓரத்தில் மஞ்சள் இருக்கத்தான் செய்தது. அங்கிருந்து நேரே டாக்டரிடம் ஓடினேன். அவர் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "கொழந்த நல்லாருக்கும்மா, அது அவுங்க லைட்டோட மஞ்சள்" என்று அனுப்பிவிட்டார். பயம் போய்விட்டது. கோபம் மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுதான் புரிந்தது, அது அந்தக் கடைக்காரர் மேல் வந்த கோபமே இல்லை. உன் மேல் வந்தது.

சிதம்பரத்தில் நாம் ஒன்றாகக் காலேஜ் முடித்த கையோடு நீ மேல வீதி ஸ்டுடியோவில் ஆல்பம் வேலைக்குச் சேர்ந்தாய். சனிக்கிழமைகளில் உன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். மௌஸைப் பிடித்துக் கண்ணைச் சுற்றிக் கோடு இழுப்பாய், உள்ளே இருக்கும் நிறத்தை மட்டும் உறிஞ்சி எடுப்பாய். முகூர்த்தத்துக்காக விடிய விடிய விழித்துச் சிவந்த கண்ணெல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். "பொண்ணு வூட்ல வெள்ளையா கேக்கறாங்க, மாப்ள வூட்ல அதவிட வெள்ளையா கேக்கறாங்க. கடைசியில படத்துல ஐயர் ஒருத்தர்தான்டி மனுஷன் கலர்ல இருக்காரு" என்பாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

என் வளைகாப்புக்கு நீ வரவில்லை. கல்யாண சீசன், வேலை ஜாஸ்தி என்றாய். குரல் கம்மியிருந்தது; தூக்கமில்லை என்றாய். அன்று சாயங்காலம் மெயிலில் ஒரு படம் வந்தது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், காதோரம் கனகாம்பரம், சிரிப்பு. "நானும் போட்டுக்கிட்டேன் பாரு. வந்த மாதிரியே வெச்சுக்கோ" என்று எழுதியிருந்தாய். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எவ்வளவு தெளிவாக இருக்கிறாள் பாருங்கள் என்று நானே சொன்னேன்.

பிறகு கூப்பிட்டபோதெல்லாம் நீ போனை எடுக்கவில்லை. உன் அம்மா எடுத்து, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாசமாக இருக்கிறவளிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாதாம். பிள்ளை பிறந்து, தீட்டுக் கழிந்து, தலைக்கு ஊற்றிய பிறகுதான் சொன்னார்கள். அதுவரை நீ ஏன் பார்க்க வரவில்லை என்று தினமும் உன்னைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் வந்தேன். "கண்ணு ரெண்டும் மஞ்சக்கெழங்காட்டம் ஆயிடுச்சும்மா" என்றார் உன் அம்மா. "கீழாநெல்லி அரச்சுக் குடுத்தோம். உப்பில்லாக் கஞ்சிதான். ஆஸ்பத்திரி வேணாம், எறங்கிடும்னா. கேட்டுக்கிட்டோம். உனக்கு அனுப்பற படத்துக்குத்தான் கடைக்குப் போயி ரொம்ப நேரம் ஒக்காந்துட்டு வந்தா. 'அவ பயந்துக்குவா, வயித்துப் புள்ளக்காரி'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

சத்தியம் வாங்க நீ யார்? பயப்படுகிறவள் என்று என்னைத் தெரிந்து வைத்திருந்தாயே, பயந்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியாதா உனக்கு? வயிற்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்து வந்து, உன் கையிலிருந்த கஞ்சியைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருப்பேன். அதற்குப் பயந்துதான் கண்ணை வெளுத்தாய். என்னைக் காப்பாற்றினேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. யாரோ மணப்பெண்ணுக்குச் செய்கிற வேலையை எனக்குச் செய்தாய். குரலில் எனக்குச் சந்தேகம் தட்டியதுதான்; அந்தப் படம்தான் அதை அழித்துவிட்டது.

உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே சாஃப்ட்வேரை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, உன் படத்தைத் திறந்து, மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தேன். நெற்றி மஞ்சளானது, சுவர் மஞ்சளானது. கண் மட்டும் மைதா மாவு பூசியது போல வெள்ளையாகவே நின்றது; நீ எப்படி இருந்தாய் என்று அது சொல்லவில்லை. எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாத அளவுக்கு நன்றாகச் செய்திருக்கிறாய். உன் கடைசி முகத்தை உன் அம்மா பார்த்தார், தெருவே பார்த்தது. நான் பார்க்கவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எப்போதாவது முடியுமா என்றும் தெரியவில்லை.

நம்மோடு படித்த புவனகிரிக்காரிக்குப் போன வாரம் ஆபரேஷன் ஆனது. நன்றாக இருக்கிறேன், வர வேண்டாம் என்று போனில் சொன்னாள். நான் சரி என்று சொல்லவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். "போன்ல பேசுனா பத்தாதாடி? கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு இந்த வெயில்ல எதுக்கு வந்த?" என்று திட்டினாள். திட்டி முடிக்கட்டும் என்று எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியாக இளைத்துப் போயிருந்தாள். போனில் அதைச் சொல்லவே இல்லை.