ஐந்து மணிக்கு ஆடிய வால்

ஜூன் 1, ஞாயிறு

இன்றும் முடிவாகவில்லை. நாலு பேர், மூன்று மணி நேரம், ஒரு விமானம் தேர்ந்தெடுக்க. அதற்குள் பெண் பார்த்துக் கல்யாணத்தையே முடித்துவிட்டு வந்திருக்கலாம்.

இந்த வருடம் எங்கள் வீட்டுப் பட்டறையில் கூடுகிற குழுவில் எல்லோரும் ஒரே விமானத்தைக் கட்டுவதாகத் திட்டம். ஆளுக்கு ஒன்று, ரிமோட்டில் பறப்பது. ஒரே வரைபடம் என்றால் அட்டையில் அச்சு ஒரு தடவை வெட்டினால் போதும். மரத்தை மொத்தமாக வாங்கலாம். ஒருவர் பண்ணின தப்பை அடுத்தவர் பண்ண மாட்டார். நியாயம்தான். ஆனால் எந்த விமானம்? பல் டாக்டரம்மாவுக்கு இரட்டை இறக்கை வேண்டும், அழகாம். லாரிக்காரருக்கு அவர் வண்டியில் கழற்றி அடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும், கொஞ்சம் சத்தமும் வேண்டும். பேத்தி, மேலே இறக்கை வைத்த சாதாரண விமானமே போதும், மெதுவாகப் பறக்கும், புதியவர்களுக்கு நல்லது என்கிறாள். வாத்தியார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பென்சில் ஏற்கனவே ஊசி மாதிரிதான் இருந்தது.

என்னையும் கேட்டார்கள். இறக்கைக்குத் தோல் போர்த்துவது நான்தானே. நாற்பது வருடம் ஜாக்கெட் தைத்த கை. மரச்சட்டத்தின் மேல் தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டினால் சுருக்கம் இல்லாமல் இறுகும். என் வீட்டுக்காரர் இருக்கும்போதே பழகினது. இரட்டை இறக்கை என்றால் எனக்கு இரட்டை வேலை என்று சொன்னேன். டாக்டரம்மா முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

வாத்தியாரோடு நான் பேசுவதில்லை. பதினொரு வருடம் ஆகிறது. ஒரே அறையில் இருந்தாலும் பேத்தியிடம் சொல்லித்தான் அவருக்குப் போகும். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா பாட்டி?" என்று கேட்கிறாள். ஆமாம். இருந்துவிட்டுப் போ.

ஜூன் 3, செவ்வாய்

எழுதி வைக்கிறேன். மறந்துவிடும் என்று இல்லை. எனக்கு எதுவும் மறக்காது. என் கல்யாணத்தன்று நாத்தனார் என் செருப்பைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள் என்பது வரை இருக்கிறது. எனக்குப் பிறகும் ஒருத்தருக்காவது தெரிய வேண்டும், அதற்காக.

மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் நம்பர் எழுதின துணிக்கிளிப்புகள், என் கொடியிலிருந்து போனவை. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. உன் நம்பர் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ரிமோட்டைப் போடலாம். ஒரே நம்பரில் இரண்டு பேர் போட்டால், மேலே இருக்கிற விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. விழுந்துவிடும்.

அவருக்கும் வாத்தியாருக்கும் ஒரே நம்பர், ஏழு. அன்று ஏழாம் கிளிப் அவர் சட்டையில் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். கொக்கு மேலே இருந்தது. அது அவரே வரைந்து கட்டின விமானம். கழுத்து நீளம், அதனால் கொக்கு. நேராகப் போய்க்கொண்டிருந்தது சட்டென்று தலைகீழாகி விழுந்தது. அவர் எடுக்கப் போனார். பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

வாத்தியார் அப்போது தன் காருக்குப் பின்னால் நின்றிருந்தார். அன்றைக்கே கேட்டேன். நான் போடவில்லை அண்ணி என்றார்.

பொய். அந்த ஆள் வாயிலிருந்து 'போட்டேன்' என்று ஒரு சொல் வர வேண்டும். அதைக் கேட்காமல் நான் சாக மாட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

பேத்தி பரணில் ஏறி அவள் தாத்தாவின் வரைபடச் சுருளை எடுத்து மேசையில் விரித்தாள். பின்னாலேயே கொக்கையும் இறக்கினாள். இடது இறக்கை முறிந்தது முறிந்தபடி. பதினொரு வருடத் தூசி. நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

திரும்பி வந்தால் லாரிக்காரர் அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார். இறக்கை இரண்டாகக் கழலுமாம். கரடுமுரடான தரையிலும் வயிற்றால் இறங்குமாம். உள்ளே இருக்கிற விலாக் கட்டைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரு அச்சு போதும். டாக்டரம்மாவுக்கே பிடித்துவிட்டது. இவ்வளவு நாள் இதைப் பரணில் வைத்துக்கொண்டா புத்தகம் புத்தகமாகப் புரட்டினோம் என்றார்.

வாத்தியார் மட்டும், "இது வேண்டாம். வேற எதுன்னாலும் கட்டலாம்" என்றார். காரணம் கேட்டால் வால் சின்னது என்கிறார்.

அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். கொக்குதான். நாலு கொக்கு அந்த ஆள் தலைக்கு மேலே பறக்க வேண்டும். அதில் ஒன்றை அவர் கையாலேயே கட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு கை தூக்கி முடிவு செய்வார்கள்.

லாரிக்காரர், கொக்குக்குள் இருக்கும் மெஷினுக்கு உயிர் இருக்கிறதா பார்க்கிறேன் என்று புதுப் பேட்டரி மாட்டினார். ஒன்றும் அசையவில்லை. எப்படி அசையும்? என் வீட்டுக்காரருடைய ரிமோட் உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடக்கிறது, அதைப் போட முடியாது. நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

வால் ஆடியது.

பட்டறை அறையில் உட்கார்ந்து பேத்தியின் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி. மேசைமேல் கொக்கு. டிரிக் என்று சத்தம். நிமிர்ந்தேன். வால் துடுப்பு இடது பக்கம் போய்த் திரும்பியது. மறுபடி இடது. அப்புறம் வலது. அவ்வளவுதான்.

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

இரண்டு இடது, ஒரு வலது. தரையை விட்டுக் கிளப்பும் முன்னால் அவர் அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் எல்லாம் ஒரு இடது, ஒரு வலது. அவர் மட்டும்தான் இடது பக்கத்தை நம்பாமல் இன்னொரு தடவை பார்ப்பார்.

ஜூன் 10, செவ்வாய்

ஐந்து மணி. இடது, இடது, வலது.

ஜூன் 11, புதன்

இன்றும்.

ஜூன் 12, வியாழன்

பேத்தியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க இரத்தம் பரிசோதிக்கிறவள், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். காற்றில் ஆயிரம் அலை போகிறதாம், பழைய மெஷின் எதையாவது பிடித்துக்கொள்ளுமாம்.

"அலைக்கு மணி பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டேன். பேட்டரியைக் கழற்றிவிடு பாட்டி என்றாள்.

கழற்றவில்லை. தீரும்போது லாரிக்காரர் விட்டுப்போன சார்ஜரில் போட்டு எடுக்கிறேன். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. நாலரை மணியானால் ஊசியில் நூல் கோர்க்க மட்டும் முடியவில்லை.

ஏங்க, நீங்கதானா? ஏதாவது சொல்லணும்னா சொல்லிட்டுப் போங்களேன். பதினொரு வருஷமா எங்க இருந்தீங்க? பரண்ல இருந்தப்ப கூப்பிட்டீங்களா, நான் கேக்கலையா?

ஜூன் 15, ஞாயிறு

கை தூக்கும் முன்னால் நானே எழுந்து எல்லோரிடமும் வால் ஆடுவதைச் சொன்னேன். லாரிக்காரர் சிரித்தார். சம்பளம் கேட்காத ஆள் கிடைத்திருக்கிறார், எனக்கும் ஒருத்தரை அனுப்பச் சொல்லுங்கம்மா என்றார். வாத்தியார் சிரிக்கவில்லை. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

இன்றைக்கு ஐந்து மணி வரை எல்லோரும் இருங்கள் என்றேன். இருந்தார்கள். வாத்தியார் நாலரைக்கே கிளம்பப் பார்த்தார். "உக்காரச் சொல்லு அவரை" என்று பேத்தியிடம் சொன்னேன். உட்கார்ந்தார்.

ஐந்து மணி.

டிரிக். ஒரு இடது.

அப்புறம் ஒன்றுமில்லை. ஐந்தரை வரை பார்த்தோம். ஒரே ஒரு இடதோடு நின்றுவிட்டது. டாக்டரம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து கம்பி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். விமானம் எது என்று யாரும் பேசவே இல்லை. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று கலைந்தார்கள்.

ஜூன் 16, திங்கள்

மதியம் மூன்று மணிக்கு வாத்தியார் தனியாக வந்தார். வாசலிலேயே நின்றார். வீட்டில் பேத்தி இல்லை. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் பேச வேண்டியதாயிற்று.

"வாலை ஆட்டுறது நான்தான் அண்ணி" என்றார்.

அவருடைய பழைய ஏழாம் நம்பர் ரிமோட் இன்னும் வேலை செய்கிறதாம். மூன்று தெரு தள்ளி, மாடியில் நின்று தினமும் ஐந்து மணிக்கு ஏரியலை இழுத்துவிட்டுப் போடுவாராம். என் வீட்டுக்காரர் இவருக்குப் பறக்கவிடச் சொல்லிக்கொடுத்த நேரம் அது. பதினொரு வருடமாக, நேற்று ஒரு நாள் தவிர, விட்டதே இல்லை. அந்தப் பக்கம் கேட்க எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் செய்தாராம்.

மற்றதையும் அவரே சொன்னார்.

"அன்னிக்குப் போட்டேன். பறக்கவிட இல்ல. பேட்டரி எவ்வளவு இருக்குன்னு காட்டுற ஊசியைப் பார்க்க. ஏரியலை இழுக்கவே இல்ல, இழுக்காட்டி அவ்வளவு தூரம் போகாதுன்னு நினைச்சேன். அரை நிமிஷம் கூட இருக்காது."

பேட்டரி ஊசியைப் பார்க்க. கிளிப் எடுக்கப் பத்தடி நடக்கச் சோம்பல். இந்த ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்.

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. ஆனால் என் மனசு வேறு எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. அது சரி, அவர் மாதிரியே எதற்கு இரண்டு இடது ஆட்டினீர்கள் என்று கேட்டேன்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். "ரெண்டா? நான் ஒரு இடது, ஒரு வலதுதான் அண்ணி ஆட்டுவேன்."

நேற்று ஐந்து மணிக்கு இந்த மனிதர் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் ரிமோட் மூன்று தெரு தள்ளி அணைந்து கிடந்தது. ஆனாலும் ஒரு இடது வந்தது.

அந்த முதல் இடது இவருடையது இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

மன்னிக்கவில்லை. எழுதியே வைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கொக்கு என்று முடிவானது. முதலில் கை தூக்கினது வாத்தியார். வால் சின்னது என்றீர்களே என்று லாரிக்காரர் இழுத்தார். "வால்ல ஒரு குறையும் இல்ல. அதை மறுபடியும் மேல பார்க்க எனக்குத்தான் தெம்பில்லாம இருந்துச்சு" என்றார். மற்றவர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டார், நான் கேட்காமலே. பேத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். போனவர் அவளுக்குத் தாத்தாதானே. கால் மணி நேரம் கழித்து வந்து, அச்சு வெட்ட அட்டை எடுத்தாள்.

புதிய விமானங்களுக்குப் புது வகை ரிமோட். ஒருவர் நம்பரில் இன்னொருவர் குறுக்கிடுகிற தகராறே இதில் கிடையாதாம். நல்லது.

வாத்தியார் போகும்போது வாசல் வரை போய்ச் சொன்னேன்: "அஞ்சு மணிக்குப் போடுறதை நிறுத்திடாதீங்க."

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் என் வீட்டுக்காரர் ஆட்டினது மாதிரி இருக்கிறது.

ஜூலை 2, புதன்

விலாக் கட்டை நாற்பத்தெட்டும் வெட்டியாயிற்று. டாக்டரம்மா பல் ராவுகிற மெஷினைக் கொண்டுவந்து ஓரம் தேய்க்கிறார். வீடெல்லாம் மரத்தூள்.

ஐந்து மணி. இடது. இடது, வலது.

இப்போது கேட்டால் தெரிகிறது. முதல் இடதுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற இடைவெளி.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு ஒரு இடது வந்தது. காத்திருந்தேன். மிச்சம் வரவில்லை. ஐந்து ஐந்து. ஐந்து பத்து. பதினொரு வருடமாக அந்த ஒரு ஞாயிறு தவிர விடாத மனிதர். அந்த ஞாயிறும் நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

மறுபடி ஒரு இடது. தனியாக. இதுவரை இரண்டாம் தடவை வந்ததே இல்லை.

போறேன், போறேன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். கொக்கைப் பார்த்து.

லாரிக்காரருக்குப் போன் போட்டுவிட்டு நடந்தேன். மூன்று தெரு. அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். தட்டினேன், திறக்கவில்லை. லாரிக்காரர் வந்து பின்கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். குளியலறைத் தரையில் வாத்தியார் கிடந்தார். காலையில் வழுக்கி விழுந்தவர். இடுப்பு அசைக்க முடியவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரலும் போய்விட்டது. குழாயிலிருந்து தண்ணீர் வாய்க்கு எட்டவில்லை.

ரிமோட் மாடியில் அலமாரிக்குள், பூட்டிக் கிடந்தது. நானே போய்ப் பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. இன்னொரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

எப்படித் தெரிந்தது அண்ணி என்று வாத்தியார் கேட்டார். குரல் இன்னும் காற்றாகத்தான் வருகிறது. உங்கள் பங்கு வரவில்லை, அதனால் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லலையா அண்ணன்?" என்று கேட்டார்.

"போய்ப் பார்னுதான் சொன்னார்" என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

நாலு கொக்கும் எலும்புக்கூடாக மேசையில் நிற்கின்றன. தோல் போர்த்துவது இன்று தொடங்கியது. லாரிக்காரர் வாத்தியாரைத் தூக்கிக்கொண்டு வந்து, மூட்டையை இறக்குகிற மாதிரி நாற்காலியில் இறக்கினார். உங்களுக்கு என்ன நிறம் வேண்டும் என்று அவரைக் கேட்டேன். வெள்ளை என்றார். கொக்குக்கு வேறு என்ன நிறம் என்று பேத்தி சிரித்தாள். அவருடைய இறக்கையைத்தான் முதலில் போர்த்தினேன். ஒரு சுருக்கம் இல்லை.

மற்றவர்கள் நாலு மணிக்குப் போனார்கள். வாத்தியார் இருந்தார். பழைய ரிமோட்டை மடியில் வைத்து ஏரியலை இழுத்தார், ஆனால் போடவில்லை. இரண்டு பேரும் பழைய கொக்கின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்கு இடது போனது.

ஒரு மூச்சு நேரம் விட்டு வாத்தியார் ரிமோட்டைப் போட்டார். இடது, வலது.

பேத்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு ஆட்டுறது?" என்றாள். அடுத்த இறக்கைக்குத் தாளை எடுத்துக்கொண்டு வா என்றேன்.