தங்கச்சி பத்திரம் என்று நான் போட்ட பதிவு

செவ்வாய்க்கிழமை, தம்மாம்.

மத்தியானம் கட்டட சைட்டில் நிற்கும்போது ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள். புரட்சி வெடித்த நாட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் என் தங்கச்சி. அவளையும் கூட இருக்கும் நர்ஸ்மாரையும் கூட்டிப்போக இன்று நம் தூதரகத்து பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்திருக்கிறது. அந்த நாட்டு அதிகாரி கேட்டைத் திறக்கவில்லை. இவர்கள் போய்விட்டால் காயம்பட்டவர்களை யார் பார்ப்பது, இவர்களுக்கு நாங்களே பாதுகாப்பு என்றானாம். தூதரகத்து சார் விடாமல் வாதாடியதும் போனை எடுத்து ஒரு தமிழ்ப் பதிவை மொழிபெயர்ப்போடு காட்டியிருக்கிறான்.

"அண்ணே, அது நீ போட்டது" என்றாள்.

போன வாரம் இவளை நினைத்து அம்மா சாப்பிடாமல் கிடந்ததால் ஃபேஸ்புக்கில் ஜெசிந்தா படத்தோடு எழுதினேன். 'என் தங்கச்சியும் கூட உள்ளவர்களும் பத்திரமாக இருக்கிறார்கள். அந்த அரசாங்கம் நன்றாகக் கவனிக்கிறது.' கல்ஃபுக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு இப்படித்தானே சொல்லிப் பழக்கம். ஆஸ்பத்திரி பெயரையும் போட்டுத் தொலைத்தேன். குடும்பமே இப்படிச் சொல்லும்போது பஸ் எதற்கு என்று அந்த அதிகாரி கேட்டானாம். பஸ் காலியாகத் திரும்பிவிட்டது.

"பின்னால சுட்டுக்கிட்டே இருக்கானுவ அண்ணே." அதோடு லைன் கட்டாகிவிட்டது.

ரூமுக்கு வந்ததும் பதிவை அழிக்கப் போனேன். அதற்குள் அம்மா கூப்பிட்டாள்.

"நீ எழுதுனத பக்கத்து வீட்டுப் புள்ள தெனமும் வாசிச்சுக் காட்டுதா மக்களே. அதக் கேட்டுத்தான் ஒறங்குதேன். அவ சொகமா இருக்காளா?"

"சொகமா இருக்காம்மா" என்றேன்.